சிரிப்பு யாருக்குச் சொந்தம்?

1953 ஜனவரி 19, திங்கள்கிழமை இரவு. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை ஒரே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடரின் நாயகி லூசி ரிக்கார்டோ, பிரசவத்துக்காக மருத்துவமனைக்குச் செல்லும் கதை அது. அந்தப் பாத்திரத்தில் நடித்த லூசில் பால், அதே நாள் காலையில்தான் அறுவைச் சிகிச்சை மூலம் ஆண் குழந்தை பெற்றிருந்தார். நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் சுமார் 4.4 கோடிப் பேர். மறுநாள் அமெரிக்க அதிபராக ஐசனோவர் பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 2.9 கோடிப் பேர்.

லூசில் பாலின் புகழுக்குச் சான்றாக இந்தக் கணக்கை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அதைவிடக் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. அன்று ஒளிபரப்பான படச்சுருளின் உரிமை, ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனத்திடமோ விளம்பரம் கொடுத்த சிகரெட் நிறுவனத்திடமோ இல்லை. லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி அர்னாஸும் தொடங்கிய ‘டெசிலு’ நிறுவனத்திடம் இருந்தது. திரையில் கணவரின் அனுமதி இல்லாமல் ஒரு தொப்பிகூட வாங்க முடியாத இல்லத்தரசி; திரைக்குப் பின்னால் தன் சிரிப்புக்குத் தானே உரிமையாளர். அவருடைய அரை நூற்றாண்டுக் கலை வாழ்வைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் இந்த முரணில்தான் இருக்கிறது.

பதினெட்டு ஆண்டுகள்

நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் நகரில் 1911 ஆகஸ்ட் 6 அன்று பிறந்தவர் லூசில் பால். தந்தை தொலைபேசிக் கம்பிகளை அமைக்கும் தொழிலாளி. டைபாய்டு காய்ச்சலில் அவர் இறந்தபோது மகளுக்கு வயது மூன்று. தாய்வழித் தாத்தா ஃபிரெட் ஹண்டின் அரவணைப்பில் குடும்பம் வாழ்ந்தது. 1927இல் அவ்வீட்டின் கொல்லைப்புறத்தில், தாத்தாவின் மேற்பார்வையில் பிள்ளைகள் துப்பாக்கி சுட்டுப் பழகியபோது, அக்கம்பக்கத்துச் சிறுவன் ஒருவன் குண்டடிபட்டு நடக்கும் திறனை இழந்தான். அதைத் தொடர்ந்த வழக்கில் அந்தக் குடும்பம் வீட்டை இழந்தது. சொந்தம் என்று நம்பியிருப்பது ஒரே நாளில் கைநழுவிப் போகலாம் என்பதைப் பதினாறு வயதுக்குள் பார்த்துவிட்டவர் அவர்.

நியூயார்க் நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தபோது, கூச்ச சுபாவம் கொண்ட இந்தப் பெண்ணுக்கு எதிர்காலம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே பள்ளியில் அப்போது ஒளிவீசிய மாணவி பெட்டி டேவிஸ். பிறகு ஆடை விளம்பர அழகியாக வேலை பார்த்து, 1933இல் ‘ரோமன் ஸ்கேண்டல்ஸ்’ படத்தின் நடனக் குழுவில் ஒருத்தியாக ஹாலிவுட் வந்து சேர்ந்தார். அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள். பெயர் போடாத வேடங்கள், நாயகியின் தோழி, இரட்டைப் படக் காட்சியில் இரண்டாவதாகத் திரையிடப்படும் மலிவுப் படங்களின் நாயகி. அத்தகைய ‘பி’ படங்களின் ராணி என்றே அவரை அழைத்தார்கள். பட்டத்தில் பாராட்டும் இருந்தது, அதற்கு மேல் நீ போக முடியாது என்ற தீர்ப்பும் இருந்தது.

‘ஸ்டேஜ் டோர்’ (1937), ‘டான்ஸ், கேர்ள், டான்ஸ்’ (1940), ‘தி பிக் ஸ்ட்ரீட்’ (1942) போன்ற படங்களை இன்று பார்ப்பவர்கள், இந்த நடிகைக்குத் திறமை பின்னாளில் வந்து சேர்ந்ததல்ல என்பதை உணர்வார்கள். குறை வேறு இடத்தில் இருந்தது. அன்றைய ஸ்டூடியோ அமைப்பில் நடிகர்கள் நீண்டகால ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள். எந்தப் படம், எந்த வேடம், என்ன முடி நிறம் என்பதை நிறுவனமே முடிவு செய்யும். அழகிய பெண்ணை அழகாக நிறுத்திப் படம்பிடிக்க அந்த அமைப்புக்குத் தெரிந்திருந்தது. அழகிய பெண் ஒருத்தி முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு மாவுத் தொட்டியில் விழுவதற்கு அதனிடம் இடம் இல்லை. ஆர்.கே.ஓ. நிறுவனத்திலிருந்து எம்.ஜி.எம்.முக்குச் சென்றபோது அவருக்குக் கிடைத்த நிலையான சொத்து, பின்னாளில் அவருடைய முத்திரையாக மாறிய சிவப்பு முடிதான்.

எம்.ஜி.எம்.மில் வேறொரு அரிய வாய்ப்பும் அமைந்தது. மௌனப் பட யுகத்தின் மேதை பஸ்டர் கீட்டன், அப்போது அங்கே பிறருடைய படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதிக்கொடுக்கும் ஊழியராக இருந்தார். 1928இல் தன் சொந்த ஸ்டூடியோவைக் கைவிட்டு எம்.ஜி.எம்.மில் ஒப்பந்தம் செய்துகொண்டதைத் தன் வாழ்வின் பெரும் பிழையாகக் கருதியவர் அவர். லூசில் பாலுக்குள் இருந்த கோமாளியை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் கீட்டன். கையில் எடுக்கும் பொருளை எப்படிப் பழக வேண்டும், அது எந்தக் கணத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நடிகர் எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுத்தந்தார். ஆசிரியரின் கலையை மாணவி கற்றார். ஆசிரியர் எதை இழந்தார் என்பதும் மாணவியின் கண்முன்னே இருந்தது.

யாரும் நம்ப மறுத்த தம்பதி

1940இல் ‘டூ மெனி கேர்ள்ஸ்’ படப்பிடிப்பில் சந்தித்து, அதே ஆண்டு நவம்பரில் லூசில் பாலை மணந்தவர் டெசி அர்னாஸ். கியூபாவின் சாந்தியாகோ நகர மேயரின் மகன். 1933 புரட்சியில் குடும்பம் எல்லாவற்றையும் இழந்து மயாமிக்கு ஓடிவந்தது. இசைக் குழு நடத்தி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த கணவரும், ஹாலிவுட்டில் படப்பிடிப்பில் இருந்த மனைவியும் சேர்ந்து வாழ்ந்த நாள்கள் குறைவு.

1948 முதல் சி.பி.எஸ். வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரில் லூசில் பால் நடித்தார். ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கரோல் ஆகிய எழுத்தாளர்கள் அங்கேதான் அவருக்குக் கிடைத்தார்கள். அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர நிறுவனம் விரும்பியபோது, கணவராகத் தன் உண்மையான கணவரே நடிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். நிறுவனம் தயங்கியது. அமெரிக்கப் பெண்ணுக்கு ஸ்பானிய உச்சரிப்போடு பேசும் கியூபக் கணவரா, மக்கள் நம்பமாட்டார்கள் என்றது. அவர்கள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாகக் கணவன் மனைவியாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது அந்த வாதத்தில் எடுபடவில்லை.

வாதாடுவதை விட்டுவிட்டு, 1950இல் இருவரும் ஊர் ஊராக மேடையேறினார்கள். பெப்பீட்டோ என்ற ஸ்பானியக் கோமாளியிடம் பயிற்சி பெற்று அவர்கள் நடத்திய நிகழ்ச்சிக்கு அரங்குகள் நிரம்பின. மக்கள் நம்புவார்களா என்ற கேள்விக்கு மக்களிடமே விடை பெற்றுவந்தார்கள். தொடர் உருவானபோதும் கணவரின் உச்சரிப்பைக் கேலிசெய்யும் உரிமை மனைவி பாத்திரத்துக்கு மட்டுமே தரப்பட்டது. அன்பு உள்ளவர் செய்தால் அது விளையாட்டு, அயலார் செய்தால் இழிவு என்பதை எழுத்தாளர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆயிரம் டாலர் பேரம்

அன்று தொலைக்காட்சி நாடகங்கள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. மேற்குக் கரைக்கு அனுப்புவதற்காக, தொலைக்காட்சித் திரையில் ஓடும் படத்தையே மற்றொரு கேமராவால் படம்பிடிப்பார்கள். மங்கலும் புள்ளிகளுமாக இருக்கும் அந்த நகலுக்குக் ‘கினெஸ்கோப்’ என்று பெயர். தொலைக்காட்சி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கில் இருந்ததால், விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் நிறுவனம் தொடரை நியூயார்க்கிலிருந்து நடத்தச் சொன்னது. தம்பதிக்கோ ஹாலிவுட்டை விட்டுப் போக விருப்பமில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, நாற்பது வயதை நெருங்கும்போது லூசில் பாலுக்கு முதல் குழந்தை பிறக்கவிருந்தது.

திரைப்படங்களுக்குப் பயன்படும் 35 மி.மீ. படச்சுருளில் தொடரை எடுப்பதுதான் வழி என்றார் அர்னாஸ். அப்படி எடுத்தால் கிழக்கிலும் மேற்கிலும் படம் ஒரே தெளிவோடு தெரியும். ஆனால், செலவு வெகுவாகக் கூடும். அந்தக் கூடுதல் செலவில் ஒரு பகுதிக்கு ஈடாக, வாரத்துக்கு ஆயிரம் டாலர் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளும்படி தம்பதியிடம் கேட்கப்பட்டது. குறைத்துக்கொள்கிறோம், படச்சுருளின் உரிமை எங்கள் நிறுவனத்துக்கு வேண்டும் என்றார் அர்னாஸ். சி.பி.எஸ். பெரிதாகத் தயங்கவில்லை. ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை மறுபடியும் யார் பார்ப்பார்கள் என்பதே அன்றைய தொலைக்காட்சித் தொழிலின் எண்ணம். பயன் முடிந்த பழைய சுருளுக்கு என்ன விலை இருக்க முடியும்?

அந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பது விரைவிலேயே தெரிந்தது. பிரசவத்தையொட்டி லூசில் பால் ஓய்வில் இருந்தபோது, பழைய அத்தியாயங்கள் சிலவற்றுக்குப் புதிய தொடக்கக் காட்சி சேர்த்து மறுஒளிபரப்பு செய்தார்கள். மக்கள் மீண்டும் பார்த்தார்கள், மீண்டும் சிரித்தார்கள். மறுஒளிபரப்பு என்ற பெரும் வணிகம் வேரூன்றியதில் இத்தொடருக்குப் பெரும் பங்கு உண்டு. கினெஸ்கோப் நகல்களாக இருந்த எத்தனையோ நிகழ்ச்சிகள் குப்பைக்குப் போய்விட்டன. ‘ஐ லவ் லூசி’ மட்டும் நேற்று எடுத்ததுபோல் துலக்கமாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பேரம்தான்.

மூன்று கேமராக்கள், முந்நூறு பேர்

படச்சுருளில் எடுப்பதால் மற்றொரு சிக்கல் எழுந்தது. திரைப்பட முறைப்படி ஒரு கேமராவை வைத்துத் துண்டு துண்டாக எடுத்தால் லூசில் பாலின் நகைச்சுவை செத்துவிடும். பார்வையாளர்களின் சிரிப்பைக் கேட்டபடி நடிக்கும்போதே அவர் உச்சத்தைத் தொடுவார் என்பது வானொலி நாள்களிலேயே தெரிந்த உண்மை. எனவே சுமார் 300 பேர் அமர்ந்து பார்க்க, நாடகம்போல் தொடர்ந்து நடித்து, மூன்று திரைப்படக் கேமராக்களால் ஒரே நேரத்தில் எடுப்பது என்று முடிவாயிற்று. ஒன்று முழு அரங்கையும், மற்றவை நடிகர்களை அருகிலிருந்தும் எடுக்கும். பல கேமராக்களைப் பயன்படுத்தும் முயற்சிகள் முன்பும் நடந்திருந்தன. அவற்றை ஒழுங்கான, திரும்பத் திரும்பச் செய்யத்தக்க முறையாக்கியது இந்தக் குழு.

ஒளி அமைப்புக்கு வந்தவர் கார்ல் ஃபிராயிண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவில் பங்காற்றியவர், ‘தி குட் எர்த்’ படத்துக்காக ஆஸ்கர் வென்றவர். ஒரு கேமராவுக்கு ஏற்ப வைத்த விளக்கு மற்றொரு கேமராவுக்கு நிழலைத் தரும் என்பதால், விளக்குகளையெல்லாம் மேலே தூக்கி, அரங்கம் முழுவதும் சீரான ஒளி பரவும்படி செய்தார். அழகிய நிழல்களுக்காகப் பெயர்பெற்ற கலைஞர் ஒருவர், நகைச்சுவைக்காக நிழலே இல்லாத ஒளியை உருவாக்கினார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நம் ஊர் இளைஞர்களும் விரும்பிப் பார்த்த ‘ஃபிரெண்ட்ஸ்’ போன்ற தொடர்கள், பார்வையாளர் முன்னிலையில் பல கேமராக்களால் எடுக்கப்பட்டது இந்த மரபின் தொடர்ச்சியே.

சிரிப்புக்குப் பின்னால்

தொடரின் கதைக்கரு எளிமையானது. கணவன் இரவு விடுதியில் பாடும் கலைஞன். தானும் மேடையேற வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், எதையாவது சாதிக்க வேண்டும் என்பது மனைவி லூசியின் தீராத ஆசை. கணவன் தடுப்பான், அவள் தந்திரம் செய்வாள், எல்லாம் தலைகீழாகும். வீட்டு உரிமையாளர் தம்பதியாக விவியன் வான்ஸும் வில்லியம் ஃபிராலியும் நடித்தார்கள். போருக்குப் பிறகு பெண்களைத் தொழிற்சாலைகளிலிருந்து சமையலறைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்காவில், வீட்டில் அடைபட மறுக்கும் ஒருத்தியின் கதை வாரந்தோறும் அதே வீடுகளுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வாரமும் அவள் தோற்றாள். அடுத்த வாரம் மீண்டும் முயன்றாள்.

1952இல் ஒளிபரப்பான சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி இன்றுவரை பேசப்படுகிறது. மனைவியர் இருவரும் வேலைக்குப் போக, கணவன்மார் இருவரும் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று பந்தயம். நகரும் பட்டையில் வரும் ஒவ்வொரு சாக்லேட்டையும் தாளில் சுற்றி வைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். பட்டையின் வேகம் கூடுகிறது. கை ஓயும்போது வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் சாக்லேட்டை ஒளிக்கிறார்கள். மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார். சுற்றப்படாத சாக்லேட் ஒன்றும் இல்லை. மகிழ்ந்துபோய், வேகத்தை இன்னும் கூட்டச் சொல்கிறார். திறம்பட வேலை செய்பவருக்குக் கிடைக்கும் பரிசு கூடுதல் வேலை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்? வீட்டிலோ கணவர், ஆளுக்கு ஒரு பவுண்டு வீதம் அரிசியை அடுப்பில் ஏற்றியதால் சமையலறையே சோற்றில் மூழ்குகிறது.

இத்தகைய காட்சிகளைப் பார்க்கையில், நினைத்தபோது நினைத்ததைச் செய்கிறார் என்றே தோன்றும். உண்மையில் எல்லாமே எழுதப்பட்டு, நாள்கணக்கில் ஒத்திகை பார்க்கப்பட்டவை. ஒரு பொருளைக் கையாள வேண்டுமானால், கை அதை மறக்கும் அளவுக்குப் பழகும்வரை லூசில் பால் விடமாட்டார். ஒத்திகையில் அவர் கண்டிப்பானவர், சில நேரம் கடுமையானவர் என்று உடன் நடித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தான் வேடிக்கையானவள் அல்ல என்றும், எழுத்தாளர்களும் சூழல்களுமே வேடிக்கையானவை, தன்னிடம் இருந்தது அச்சமின்மை மட்டுமே என்றும் அவரே பேட்டியில் கூறினார். அந்தத் தன்னடக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி கடும் உழைப்பு.

இன்றைய கண்களுக்கு இத்தொடரில் உறுத்தும் இடங்களும் உண்டு. குறும்பு செய்த மனைவியைக் கணவன் குழந்தையைப்போல் மடியில் கிடத்தி அடிப்பது சில அத்தியாயங்களில் சிரிப்புக்குரியதாகக் காட்டப்படுகிறது. கருவுற்ற நாயகியைத் திரையில் காட்டவே அன்று நிறுவனம் அஞ்சியது. கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டன்ட் போதகர், யூத ரபி ஆகிய மூவரும் பிரதிகளைப் பார்வையிட்டார்கள். கர்ப்பம் என்பதற்கான நேரடி ஆங்கிலச் சொல்லை உரையாடலில் பயன்படுத்தக்கூடாது என்றும் கட்டுப்பாடு. அத்தனைக்கும் நடுவே, வயிற்றில் குழந்தையோடு இருக்கும் பெண் வேலை செய்யலாம், சிரிக்கலாம், சிரிக்கவைக்கலாம் என்பதை அமெரிக்கா கண்டது.

ஒரு வாரத்துப் பேரச்சம்

1953 செப்டம்பரில் அந்தப் புகழ் முழுவதும் கவிழும் நிலை வந்தது. 1936இல் வாக்காளர் பதிவில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தன் சார்பாக லூசில் பால் குறிப்பிட்டிருந்தார். சோஷலிசத்தில் ஆழ்ந்த பற்றுக்கொண்ட தாத்தா ஃபிரெட் ஹண்டின் மனம் கோணாமலிருக்கச் செய்தது என்று, நாடாளுமன்றக் குழுவின் விசாரணை அதிகாரியிடம் செப்டம்பர் 4 அன்று அவர் சாட்சியம் அளித்தார். இரண்டு நாள் கழித்து, பெயர் சொல்லாமல் ஒரு பிரபல நடிகையைப் பற்றி வானொலியில் கோடிகாட்டினார் வால்டர் வின்செல். செப்டம்பர் 11 அன்று நாளேட்டில் தலைப்புச் செய்தி. அன்றிரவே படப்பிடிப்பு. பார்வையாளர் முன் வந்த அர்னாஸ், லூசியிடம் சிவப்பு என்று ஏதாவது உண்டென்றால் அது முடி மட்டுமே, அதுவும் சாயம்தான் என்ற பொருளில் சொன்னார். அரங்கம் ஆர்ப்பரித்தது. குழு அவர்மீது குற்றமில்லை என்றது. விளம்பரதாரரும் கைவிடவில்லை.

நகைச்சுவையால் அச்சத்தை வென்ற கதையாக இது நினைவுகூரப்படுகிறது. அருகில் நிகழ்ந்த வேறொன்றையும் வைத்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும். ‘தி கோல்ட்பெர்க்ஸ்’ என்ற மற்றொரு குடும்பத் தொடரில் தந்தையாக நடித்த ஃபிலிப் லோப், கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் என்று 1950இல் ஒரு நூல் பட்டியலிட்டவர்களில் ஒருவர். அவர் மறுத்தும் பயனில்லை. தொடரை எழுதி நடத்திய கெர்ட்ரூட் பெர்க் அவருக்காகப் போராடினார். விளம்பரதாரர் விலகியதால் இறுதியில் லோப் வெளியேற நேர்ந்தது. 1955இல் அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். லூசில் பால் தப்பியதில் அவருடைய நேர்மைக்கும் கணவரின் சாதுரியத்துக்கும் பங்குண்டு. நாட்டின் முதலிடத் தொடரை இழக்க எவரும் விரும்பவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய பங்குண்டு. நீதி, சந்தை மதிப்பைப் பார்த்து வழங்கப்பட்ட காலம் அது.

ஊழியராக இருந்த இடத்தில் உரிமையாளர்

1957இல் ‘ஐ லவ் லூசி’ 180 அத்தியாயங்களோடு நிறைவுற்றது. பழைய அத்தியாயங்களின் உரிமையை சி.பி.எஸ்.ஸுக்குச் சுமார் 50 லட்சம் டாலருக்குத் தம்பதி விற்றார்கள். பயனற்ற சுருள் என்று எண்ணித் தந்ததை அதே நிறுவனம் விலைகொடுத்துத் திரும்ப வாங்கியது. அதே ஆண்டு, சுமார் 61 லட்சம் டாலருக்கு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ வளாகங்களை டெசிலு வாங்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு லூசில் பால் ஒப்பந்த நடிகையாக வாரச் சம்பளம் பெற்ற அதே இடம்.

திருமணம் அவ்வளவு உறுதியாக இருக்கவில்லை. அர்னாஸின் குடிப்பழக்கமும் பிற பெண்களோடு கொண்ட தொடர்புகளும், ஓயாத வேலைச்சுமையும் சேர்ந்து 1960இல் மணமுறிவில் முடிந்தன. 1962இல் கணவரின் பங்குகளை விலைக்கு வாங்கி, டெசிலுவின் தலைவரானார் லூசில் பால். ஹாலிவுட்டில் பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். ஒருபுறம் ‘தி லூசி ஷோ’வில் ஏணியிலிருந்து விழுந்துகொண்டே, மறுபுறம் கணக்கேடுகளைப் பார்த்தார். செலவுக்கு அஞ்சிய சக நிர்வாகிகளின் தயக்கத்தை மீறி, ‘ஸ்டார் ட்ரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’ ஆகிய தொடர்களுக்கு ஆதரவாக நின்றார். முதல் மாதிரிப் படத்தை என்.பி.சி. ஏற்காதபோதும், இரண்டாவது மாதிரிப் படம் எடுக்கப்பட்டு 1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ ஒளிபரப்பாயிற்று. உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் கற்பனையை ஆண்ட விண்வெளிக் கதை, ஒரு நகைச்சுவை நடிகையின் ஸ்டூடியோவிலிருந்து கிளம்பியது. 1967இல் சுமார் 1.7 கோடி டாலருக்கு டெசிலுவை அவர் விற்றார். அது பாரமவுண்ட் தொலைக்காட்சி நிறுவனமாக மாறியது. அத்தொடர்கள் பின்னாளில் குவித்த செல்வம் வாங்கியவர்களுக்குப் போய்ச்சேர்ந்தது.

உரிமை மட்டும் போதுமா?

நிறுவனத்தை விற்ற பிறகும் நடிப்பு ஓயவில்லை. ‘யுவர்ஸ், மைன் அண்ட் அவர்ஸ்’ (1968) திரைப்படம் பெருவெற்றி. தன் பிள்ளைகள் இருவரோடும் நடித்த ‘ஹியர்ஸ் லூசி’ தொடர் 1974வரை ஓடியது. பனிச்சறுக்கில் கால் முறிந்தபோது, மாவுக்கட்டோடு இருக்கும் லூசியையே கதையாக்கினார்கள். அதே 1974இல் வந்த ‘மேம்’ இசைத் திரைப்படம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 1985இல் ‘ஸ்டோன் பில்லோ’ தொலைக்காட்சிப் படத்தில் வீடற்ற மூதாட்டியாக நடித்து, சிரிப்பைத் துறந்தும் பார்த்தார்.

1986இல், 75ஆம் வயதில், ‘லைஃப் வித் லூசி’ என்ற தொடருடன் மீண்டும் வந்தார். பழைய எழுத்தாளர்கள், படைப்புச் சுதந்திரம் எல்லாம் இருந்தன. ஆனால், எடுத்த பதின்மூன்று அத்தியாயங்களில் எட்டு மட்டுமே ஒளிபரப்பான நிலையில் தொடர் நிறுத்தப்பட்டது. ஏணியில் தொங்கும் முதியவரைப் பார்த்து மக்கள் சிரிப்பதற்குப் பதில், விழுந்துவிடப் போகிறாரே என்று பதறினார்கள். யாருக்கும் அடிபடாது என்ற உறுதி இருக்கும்வரைதான் விழுவது வேடிக்கை. உரிமை, கலைஞருக்குக் களத்தைத் தரும். காலத்தை வென்று தராது. அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று டெசி அர்னாஸ் காலமானார். சில நாள்களில் லூசில் பால் கென்னடி மைய விருதைப் பெற்றபோது, அவர் முன்பே எழுதியனுப்பிய பாராட்டுரை மேடையில் வாசிக்கப்பட்டது. 1989 ஏப்ரல் 26 அன்று லூசில் பால் மறைந்தார்.

மறுபார்வைக்கு யார் பயனாளி?

ஒரு நடிகரின் வாழ்வைத் திறமை, வாய்ப்பு, புகழ் என்ற மூன்று படிகளாக எழுதுவது வழக்கம். லூசில் பாலின் வாழ்வு அந்த வரிசைக்குள் அடங்கவில்லை. திறமை பதினெட்டு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. வாய்ப்புகளும் அறுபது படங்களாக வந்துபோயின. தன் துணைநடிகர் யார், எந்த ஊரில் வேலை, எப்படிப் படம்பிடிப்பது, எடுத்த படம் யாருக்குச் சொந்தம் ஆகிய நான்கையும் தீர்மானிக்கும் வலிமை வந்த பிறகே, அவரிடம் முன்பே இருந்தது உலகுக்குத் தெரிந்தது. அந்த வலிமையைப் பேரம் பேசிப் பெற்றுத்தந்த டெசி அர்னாஸின் பங்கும், எழுத்தாளர்களின் பங்கும் நகைச்சுவை நாயகியின் ஒளியில் மங்கிப்போகக் கூடாதவை.

எல்லோருக்கும் அத்தகைய பேரம் வாய்க்காது. எனவேதான் மறுஒளிபரப்பில் பங்கு என்பது தனிமனிதச் சாமர்த்தியமாக இருந்த நிலை மாறி, தொழிற்சங்கக் கோரிக்கையாயிற்று. 1960இல் ஹாலிவுட் நடிகர்களும் எழுத்தாளர்களும் ஒரே காலத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது மையக் கோரிக்கைகளில் ஒன்று அது. 2023இல் இரு தரப்பும் மீண்டும் ஒரே காலத்தில் வீதிக்கு வந்தபோதும் அதே கேள்விதான் வேறு உருவில் நின்றது. இணையவழித் திரைகளில் ஒரு தொடர் ஆயிரம் முறை பார்க்கப்பட்டால், அதில் நடித்தவருக்கும் எழுதியவருக்கும் என்ன கிடைக்கிறது? நடிகரின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் நகலெடுத்தால் அந்த முகம் யாருடையது?

1951இல் சி.பி.எஸ். நிர்வாகிகள் முட்டாள்கள் அல்லர். ஒரு சிரிப்பின் ஆயுள் அரைமணி நேரம் என்று அவர்கள் நம்பினார்கள், அதற்கேற்ப விலைபேசினார்கள். அந்தச் சிரிப்பை உண்டாக்கியவர்கள் அதன் ஆயுளைச் சற்றுக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். கலைஞர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில், இன்று மதிப்பற்றதாகத் தோன்றும் ஏதோ ஒரு வரி எப்போதும் இருக்கிறது. அதை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுவதும் கலையின் ஒரு பகுதியே.